அச்சமும் சோர்வும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளார். அச்சம் நான்கு வாயில்களால் பிறக்கும் என்பது அவர் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்கு. இறை என்னும் சொல்லுள் அரசனோடு தந்தையையும் ஆசிரியனையும் உரையாளர் அடக்குவர். விலங்குக்கும் கள்வர்க்கும் அடுத்தபடியாக ஆசிரியனும் அங்கே நிற்பதைக் கண்டு, வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கழித்த நான் பலமுறை எனக்குள் நகைத்துக்கொண்டதுண்டு.

இந்நான்கும் வெளியே இருப்பவை. புலி வந்தால் அச்சம் வருகிறது; புலி போனால் அச்சமும் போகிறது. அவ்வச்சம் நமக்குப் பகையன்று. இடரைக் கண்டதும் மூளையின் உட்பகுதியில், வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் சிறு பகுதி விரைந்து கிளர்ச்சியுறுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, செரிமானம் தன் வேலையை நிறுத்திவைக்கிறது, கைகால்களின் தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் ஒரு நொடியில் அணியமாகிவிடுகிறது. வாய் உலர்வதும் உள்ளங்கை வியர்ப்பதும் இவ்வேற்பாட்டின் பகுதிகளே. இந்த ஏற்பாடு இல்லாதிருப்பின் மனித இனம் காட்டிலேயே அழிந்திருக்கும்.

ஆனால் நள்ளிரவில் சுடுகாட்டு வழியே தனியே நடந்து வரக்கூடிய ஆடவர் ஒருவர், சுவரில் ஒரு கரப்பான்பூச்சியைக் கண்டதும் நாற்காலிமேல் ஏறி நின்று நடுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கரப்பான்பூச்சி தம்மை விழுங்கிவிடாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிவு ஒருபுறம் நிற்க, உடல் மறுபுறம் நடுங்குகிறது. இவ்வகை அச்சத்தையே உளநூலார் 'போபியா' என்பர். தமிழில் வெருட்சி என்றும் பேரச்சம் என்றும் கூறலாம். நான் இங்கே வெருட்சி என்ற சொல்லையே ஆள்கிறேன். வெருளுதல் என்னும் சொல்லில், மாடு மிரள்வதைப்போலக் காரணம் கேளாமல் மிரளும் பொருள் நன்கு அமைந்திருக்கிறது.

போபியா என்பது கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. போபஸ் என்பவன் கிரேக்கர்களின் அச்சத் தெய்வம். போர்த்தெய்வமாகிய ஏரீஸின் மகன். செவ்வாய்க் கோளைச் சுற்றும் இரு சிறு நிலவுகளுள் ஒன்றை 1877-இல் கண்டறிந்தபோது அதற்கும் இவன் பெயரையே இட்டனர். பெயர் பிற்காலத்தது எனினும் நோய் பழையது. ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவக் குறிப்புகளில் நிக்கானோர் என்பவனைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. இரவு விருந்தில் குழலூதும் பெண்ணின் இசை தொடங்கியதும் அவனை அச்சம் பற்றிக்கொள்ளுமாம்; அதே குழலைப் பகலில் கேட்டால் ஒன்றும் நேராதாம். மற்றொருவன் பள்ளத்தின் விளிம்பிலோ பாலத்தின்மீதோ நடக்க இயலாதவன்.

இயல்பான அச்சத்தையும் வெருட்சியையும் பிரித்தறிவது எவ்வாறு? நாயைக் கண்டு ஒதுங்குகிறவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். மருத்துவர்கள் சில அளவுகோல்களை வைத்திருக்கின்றனர். அச்சம் பொருளின் இடருக்குச் சற்றும் ஒவ்வாத அளவினதாய் இருத்தல் வேண்டும். அப்பொருள் எதிர்ப்பட்ட போதெல்லாம் தவறாமல் எழுதல் வேண்டும். 6 மாதங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வச்சத்தின் பொருட்டு ஒருவர் தம் படிப்பையோ பணியையோ உறவையோ சுருக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். பாம்புக்கு வெருளும் ஒருவர் நகரின் நடுவே மாடி வீட்டில் வாழ்ந்தால் அவருக்கு அதனால் பெரிய இடையூறு இல்லை. அவரே கழனியில் உழைப்பவராயின் அது பிழைப்பையே கெடுக்கும்.

இங்கே நான் சற்று நின்று விளக்கவேண்டிய ஒன்று உண்டு. வெருட்சி எவ்வாறு வளர்கிறது என்பதே அது. மின்தூக்கியில் ஏற அஞ்சும் ஒருவர் அதன் வாயில்வரை செல்கிறார். நெஞ்சு படபடக்கிறது. திரும்பிப் படிக்கட்டை நோக்கி நடக்கிறார். உடனே படபடப்பு அடங்குகிறது. ஓர் ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதலே வஞ்சகமானது. விலகினால் இன்பம் என்னும் பாடத்தை மூளை அன்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் விரைவாக விலகச் சொல்கிறது. மின்தூக்கியில் ஏறியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது என்பதைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதே இல்லை. ஆகவே, வெருட்சி என்பது பொருளின் மேல் உள்ள அச்சத்தால் பாதியும், விலகும் பழக்கத்தால் பாதியுமாக வளர்கிறது. மருத்துவம் கைவைப்பது இந்த இரண்டாம் பாதியின்மேல்தான்.

வகைகளைப் பற்றிக் கூறுவேன். வார இதழ்கள் சில, நூறு வெருட்சிகளுக்கு நூறு கிரேக்கப் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிடுவதுண்டு. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து வினாடிவினாவில் பரிசும் பெறுகின்றனர். பரிசு பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மருத்துவத்திற்கு அப்பட்டியலால் பயன் மிகக் குறைவு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல், குறித்த பொருள்களைச் சார்ந்த வெருட்சிகளை விலங்குகள், இயற்கைச் சூழல், குருதியும் ஊசியும் காயமும், சூழ்நிலைகள், பிற என ஐந்தே பிரிவுகளுள் அடக்கிவிடுகிறது. நாய், பாம்பு, பூச்சி ஆகியவை முதற்பிரிவு. உயரம், இடி, ஆழ்நீர் ஆகியவை இரண்டாவது. விமானம், மின்தூக்கி, மூடிய அறை ஆகியவை சூழ்நிலைகளைச் சேர்ந்தவை.

இவற்றுள் குருதியைச் சார்ந்த வெருட்சி தனிப் போக்குடையது. மற்ற வெருட்சிகளில் நெஞ்சுத்துடிப்பு ஏறிக்கொண்டே செல்லும். மயக்கம் வருவது அரிது. இதிலோ துடிப்பும் குருதியழுத்தமும் முதலில் சற்று ஏறிப் பின்னர்த் திடீரென வீழ்கின்றன. அதனால்தான் தடுப்பூசி போடும் நாளில் வலிமை மிக்க மாணவன் ஒருவன் பொத்தென்று விழுகிறான். அவனைக் கோழை என்று பிறர் சிரிக்கின்றனர். அது குருதியோட்டத்தின் செயல். வீரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. சுவீடன் நாட்டு உளநூலறிஞர் ஓஸ்ட் என்பார் இதற்கு எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். கை, கால், உடல் ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்குவது, பின்னர்த் தளர்த்துவது, மீண்டும் இறுக்குவது. இதனால் குருதியழுத்தம் வீழாமல் நிற்கிறது. மருத்துவப் படிப்பை விரும்பியும் குருதியைக் கண்டு பின்வாங்கும் மாணவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இன்னும் இரு பெரு வகைகள் உண்டு. ஒன்று, பெர்லின் நகரத்து மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் 1871-இல் பெயரிட்ட அகோராபோபியா. அகோரா என்பது கிரேக்கர்களின் சந்தைவெளி. அகன்ற வெளிகளைத் தனியே கடக்க இயலாத ஆடவர் மூவரை அவர் விவரித்தார். துணைக்கு ஒருவர் வந்தால் அவர்கள் கடந்துவிடுவர். இன்று பேருந்து, கூட்டம், வரிசை, வீட்டைவிட்டுத் தனியே வெளியேறுதல் ஆகியவற்றுக்கு அஞ்சுவதையும் இப்பெயரால் குறிக்கின்றனர். இடர் நேர்ந்தால் தப்ப வழியிராது, உதவ எவரும் இரார் என்னும் நினைவே இதன் வேர். முற்றினால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் தம் வீட்டு வாயிலைத் தாண்டாமலே இருந்துவிடுவதும் உண்டு.

மற்றொன்று, மாணவர்களாகிய உங்களை மிகுதியும் தாக்குவது. பிறர் முன்னிலையில் பேசவும் படிக்கவும் உண்ணவும் அஞ்சுகின்ற சமூக வெருட்சி அது. பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தலைகாட்டுகிறது. நாணம் வேறு, இது வேறு. நாணமுடையவன் முதலில் தயங்கிப் பின்னர்ப் பழகிவிடுகிறான். இவனோ, எல்லாரும் தன்னையே உற்றுநோக்குகின்றனர், தான் சிவப்பதையும் நடுங்குவதையும் கண்டு இகழ்கின்றனர் என்னும் எண்ணத்தில் வெந்துகொண்டிருப்பான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாதத்தில் மூன்று நான்கு நாள் வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பான். எழுத்துத் தேர்வுகளில் அவனே முதல்வன். தமிழாசிரியர் ஒருநாள் வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து என்முன் விரித்தார். செய்யுளை உரக்கப் படிக்கும் முறை அவன் வரிசைக்கு வரும் நாளெல்லாம் அவன் வந்ததில்லை. அவனை மேடையில் ஏற்றி அச்சத்தைத் தெளிவிக்கலாம் என்று ஓர் ஆசிரியர் கூறினார். நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளும் அம்முறையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. தமிழாசிரியர் அவனை வேப்பமரத்தடியில் நண்பன் ஒருவனுக்கு மட்டும் படித்துக் காட்டச் சொன்னார். ஒரு வாரம் சென்றபின் தமக்கும் அந்நண்பனுக்கும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். பின்னர் ஐவர்; பின்னர் அரை வகுப்பு. ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் சென்றது. அவன் சொற்பொழிவாளன் ஆகிவிடவில்லை. தன் முறை வந்த நாளில் வகுப்பில் இருந்தான். நடுங்கிய குரலிலேனும் படித்தான். அவ்வளவே வேண்டியிருந்தது.

அந்த ஆசிரியர் தம் பட்டறிவால் செய்ததைச் சோதனைச்சாலையில் செய்து காட்டியவர் ஓர் அம்மையார். அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருக்கு முன்னோடியான ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்பாரும் அவருடைய மாணவி ரேய்னரும் 1920-இல் வெளியிட்டது அது. ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட குழந்தைக்கு வெள்ளெலியிடம் எவ்வகை அச்சமும் இல்லை. பதினோரு மாதக் குழந்தையாகிய அவன் எலியைத் தொடக் கைநீட்டும்போதெல்லாம், அவன் தலைக்குப் பின்னால் எஃகுத் தண்டு ஒன்றைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். சில முறைகளில் எலியைக் கண்டாலே குழந்தை அழலாயிற்று. பின்னர் முயலைக் கண்டும், நாயைக் கண்டும், மென்மயிர்ச் சட்டையைக் கண்டும் அழுதது. அச்சத்தைக் கற்பிக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வச்சத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர் என்பதையும் நான் சொல்லியாகவேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இதனை ஓர் அரிய சாதனையாகவே எங்களுக்குக் கற்பித்தனர். எனக்கு அன்றும் அது சாதனையாகத் தோன்றவில்லை. இன்று எந்த நாட்டிலும் அறநெறிக் குழு இதற்கு ஒப்புதல் தராது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் இதன் மறுதலையைச் செய்தார். மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்னும் சிறுவன் முயலுக்கு வெருண்டவன். அவன் தனக்கு விருப்பமான உணவை உண்ணும்போது கூண்டில் அடைத்த முயலை அறையின் தொலைவில் வைத்தார். நாள்தோறும் அவன் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சற்றே நெருக்கமாகக் கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத சிறுவர்களையும் உடன் விளையாட விட்டார். இடையில் பீட்டருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய்ந்தது. பழைய அச்சம் முழுவதும் திரும்பிவிட்டது. அம்மையார் சலிக்காமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இறுதியில் முயல் தன் விரலைக் கடித்து விளையாடவும் பீட்டர் இடங்கொடுத்தான். வாட்சனை எல்லாப் பாடநூல்களும் கூறுகின்றன. இவ்வம்மையாரைச் சிலவே கூறுகின்றன. இன்றைய வெருட்சி மருத்துவத்தின் அடிப்படை இவர் இட்டதே. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி 1958-இல் வெளியிட்ட நூலில் இதனை முறைப்படுத்தினார். நோயாளரே தம் அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை ஏணிபோல் அடுக்கி எழுதுகிறார். உடலைத் தளர்த்தப் பழகியபின், ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.

எல்லா அச்சமும் இவ்வாறு கற்பிக்கப்பட்டதுதானா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. மின்விசைப் பொத்தானும் விரைந்தோடும் வண்டிகளும் பாம்பைவிட மிகுதியாக நகரத்தாருக்கு இடர் விளைப்பவை. ஆயினும் அவற்றுக்கு வெருள்வோர் சிலர், பாம்புக்கு வெருள்வோர் பலர். நம் முன்னோரின் உயிருக்கு உலைவைத்தவற்றை அஞ்சக் கற்பதற்கு மனித மூளை முன்கூட்டியே அணியமாயிருக்கிறது என்று மார்ட்டின் செலிக்மன் 1971-இல் கூறினார். இது முற்றிலும் முடிந்த முடிபு அன்று. எனினும் ஏற்கத் தக்கது.

மருத்துவர் துணையின்றித் தமக்குத் தாமே இம்மருத்துவத்தைச் செய்துகொண்டவர் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே. 1770-இல் இருபது வயது மாணவராக ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சட்டம் பயில வந்தார். உயரத்தில் நின்றால் தலைசுற்றும்; பேரொலியைப் பொறுக்க இயலாது. அந்நகரத்துப் பேராலயத்தின் கோபுர உச்சிக்குத் தனியே ஏறுவார். உச்சியின் கீழே கால்மணி நேரம் ஒடுங்கி அமர்ந்திருந்து, பின்னர்ப் பற்றிக்கொள்ள ஏதுமில்லாத சிறு மேடையில் வெளியே வந்து நிற்பார். அச்சம் மரத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப இதனைச் செய்தார். மாலைவேளையில் படைவீரர் முரசறைந்து செல்லும்போது, நெஞ்சு வெடிக்கும் அளவு ஒலித்த முரசுகளின் பக்கத்திலேயே நடந்தார். பிற்காலத்தில் மலையேறவும், உயரக் கட்டடங்களின் சாரங்களில் நடக்கவும் இப்பயிற்சி தமக்கு உதவிற்று என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கோபுரத்தில் தனியே ஏறுமாறு நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அவர் கண்ட நெறி சரியானது. அதனை இன்று பாதுகாப்போடு, தேர்ந்தவர் ஒருவரின் துணையோடு செய்ய இயலும்.

இனி, மனச்சோர்வுக்கு வருகிறேன். இரண்டையும் ஒரே பேச்சில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வெருட்சி ஒருவருடைய உலகை விலக்கி விலக்கிச் சிறிதாக்குகிறது. சிறிதான உலகில் மனம் சோர்கிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது மருத்துவர்க்கு நாள்தோறும் பழகிய காட்சி.

இதற்கும் தொல்காப்பியனாரையே முதலில் அணுகலாம். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கால் அழுகை பிறக்கும் என்றார் அவர். பிறர் இகழ்தலும், உரியவரை இழத்தலும், முன்னைய நிலையிலிருந்து தளர்தலும், இல்லாமையும் இன்றும் மனிதரை வருத்துவனவே. மனச்சோர்வுக்கு ஆளானோரின் வரலாற்றைக் கேட்டால் இந்நான்கனுள் ஒன்றேனும் அடிக்கடி தென்படும். ஆனால் வருத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. தாயை இழந்தவன் அழுகிறான். அழுகையின் இடையே அவளுடைய நகைச்சுவைப் பேச்சு ஒன்றை யாரேனும் நினைவூட்டினால் சிரிக்கவும் செய்கிறான். துயரம் அலையலையாய் வந்து மெல்ல அடங்குகிறது. மனச்சோர்வில் அலை இல்லை. தேங்கிய நீர்போல் நிற்கிறது. சிலர்க்கு யாதொரு காரணமும் இன்றியே வந்துவிடுகிறது.

மருத்துவர் கொள்ளும் அடையாளங்கள் ஒன்பது. மனம் வாடியிருத்தல், முன்பு விரும்பியவற்றில் விருப்பமறுதல் ஆகிய இரண்டும் தலையாயவை. இவற்றுள் ஒன்றேனும் இருந்தாக வேண்டும். உணவு குறைதல் அல்லது மிகுதல், உறக்கம் கெடுதல், பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, காரணமற்ற களைப்பு, தான் எதற்கும் பயனற்றவன் என்னும் எண்ணம், கருத்தூன்ற இயலாமை, சாவைப் பற்றிய நினைவு ஆகியவை ஏனையவை. இவற்றுள் ஐந்தேனும் சேர்ந்து, நாளின் பெரும்பகுதியும், இரு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால் அது நோய். இளையோரிடம் வாட்டம் தோன்றாமல் எரிச்சலும் சினமும் மட்டும் தோன்றுவதும் உண்டு. தலைவலி, வயிற்றுவலி என்று உடலின் மொழியில் பேசுவதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட குறிப்பில் உலகெங்கும் ஏறத்தாழ 28 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டிருந்தது. பெண்களிடம் இது மிகுதி.

விருப்பமறுதல் என்று சொன்னேன். அதனை நேரில் கண்டது ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனிடம். அவனுக்குப் புறா வளர்ப்பதில் பேரார்வம். மதிப்பெண்கள் ஒரே பருவத்தில் சரிந்தன. தந்தையார் வந்து, "படிப்புக்குப் பயந்து நடிக்கிறான் ஐயா, நீங்கள் நான்கு அடி போடுங்கள்" என்றார். அவருடன் வந்திருந்த அவன் தங்கை, "அண்ணன் புறாவுக்குத் தீனி வைப்பதே இல்லை ஐயா, நான்தான் வைக்கிறேன்" என்றாள். சோம்பேறி, தனக்கு விருப்பமான வேலையிலாவது சுறுசுறுப்பாக இருப்பான். விருப்பமே அறுந்துபோனவன் சோம்பேறி அல்லன். அச்சிறுமியின் ஒரு சொல்லே அவனை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. தேறுவதற்குச் சில மாதங்கள் ஆயின. அவ்வாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. அடுத்த ஆண்டு எழுதினான்.

கற்றோரையும் வலியோரையும் இது விடுவதில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞரின் வரலாற்றைக் கல்லூரி மாணவர்கள் படித்துப் பார்க்கவேண்டும். தந்தையார் அவருக்கு மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்பிக்கத் தொடங்கினார். விளையாட்டுத் தோழர் இலர்; விடுமுறை இல்லை. 1826-இல், இருபதாம் வயதில், மில் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். உலகைத் திருத்த நான் எண்ணிய எண்ணங்கள் யாவும் இந்நொடியே நிறைவேறினால் எனக்கு அதனால் மகிழ்ச்சி உண்டாகுமா? இல்லை என்றே உள்ளம் விடையளித்தது. வாழ்வின் அடித்தளமே இடிந்ததுபோல் ஆயிற்று. இரவு உறங்கினால் தீரும் என்று எண்ணினார், தீரவில்லை. நூல்கள் சுவைக்கவில்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. குறிப்பாகத் தந்தையாரிடம் சொல்லவே இயலாது என்று எண்ணினார். வழக்கமான வேலைகளைப் பொறிபோல் செய்துகொண்டே பல மாதங்கள் கழித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்டெலின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க உறுதிகொள்ளும் பகுதியைப் படித்தபோது அவர் கண்களில் நீர் பெருகிற்று. தாம் கல்லாகிவிடவில்லை என்பதை அன்று உணர்ந்தார். 1828-இல் வேர்ட்ஸ்வர்த்தின் பாடல்கள் மேலும் துணைசெய்தன. சோர்வு சிலமுறை திரும்பி வந்தது. முன்போல் ஆழமாக இல்லை. அறிவு ஒன்றையே வளர்த்து, உணர்ச்சியைப் பட்டினி போடும் கல்வியைப் பற்றி மில் எழுதியவற்றை நம் காலத்துப் பெற்றோர் சிலரும் படிப்பது நல்லது என்பேன்.

சோர்விலும் வகைகள் உண்டு. மேலே கூறியது பெருஞ்சோர்வு. கடுமை குறைவாயினும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நீடிப்பது மற்றொன்று. பெரியோர்க்கு இரண்டு ஆண்டுகள், இளையோர்க்கு ஓராண்டு நீடித்தால் அதனைத் தனியே பெயரிட்டு அழைப்பர். 'அவன் சுபாவமே அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுவது பெரும்பாலும் இவ்வகையையே. மகப்பேற்றை ஒட்டித் தாய்மார்க்கு வருவது ஒன்று. குளிர்நாடுகளில் கதிரவன் ஒளி குன்றும் மாதங்களில் மட்டும் வருவது ஒன்று. இருமுனை நோய் என்பது கருத்தூன்றிக் காணவேண்டியது. அதில் சோர்வுக் காலமும், உறக்கமே வேண்டாத அளவு மிதமிஞ்சிய கிளர்ச்சிக் காலமும் மாறி மாறி வருகின்றன. இதற்குரிய மருந்துகள் வேறு. ஆதலின், ஒருவருக்குத் தந்த மருந்தை வாங்கி மற்றொருவர் உண்பது இடர் தரும்.

காரணம் என்ன? பண்டைக் கிரேக்கர் உடலில் கரும்பித்தம் மிகுந்தால் வரும் என்றனர். மெலன்கோலியா என்ற சொல்லின் பொருளே கரும்பித்தம். 1957-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்ட் கூன், வேறொரு மனநோய்க்காகச் சோதித்த இமிப்ரமின் என்னும் மருந்து அந்நோய்க்குப் பயன்படாமல் மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு வெளியிட்டார். அதன்பின், மூளையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் குறைவதே நோய் என்று பலர் கூறலாயினர். அது மிக எளிமைப்படுத்திய கூற்று என்பது இன்றைய அறிஞர் கருத்து. பிறவிக்கூறு, இளமையில் பட்ட துன்பம், தனிமை, தைராய்டுச் சுரப்பிக் குறைவு போன்ற உடற்பிணி, குடி ஆகிய பலவும் ஒன்றோடொன்று பின்னியே சோர்வு விளைகிறது. மருந்துகள் பலர்க்குப் பயன்படுகின்றன. ஆனால் பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்துவோர் பலர்.

பேச்சின் வழியாகவும் மருத்துவம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இதனை வகுத்தார். நோயாளரின் உள்ளத்தில் தாமே முளைக்கும் எண்ணங்களை அவர் உற்றுநோக்கினார். ஒரு தேர்வில் 40 மதிப்பெண் வாங்கிய மாணவி, 'இந்தப் பாடம் இன்னும் படிக்கவேண்டும்' என்று எண்ணலாம். சோர்வுற்றவள், 'நான் எதற்கும் உதவாதவள். இனி எப்போதும் இப்படித்தான்' என்று எண்ணுகிறாள். அவ்வெண்ணத்தை ஏட்டில் எழுதி, வழக்காடு மன்றத்தில் சாட்சியை விசாரிப்பதுபோல் அதற்குரிய சான்று யாது என்று விசாரிப்பதே இம்முறை. மற்றொரு பகுதி செயலைச் சார்ந்தது. ஊக்கம் வந்தபின் எழுவேன் என்று சோர்வுற்றவர் காத்திருக்கிறார். ஊக்கம் வருவதில்லை. குளித்தல், தெருமுனைவரை நடத்தல், ஒரு நண்பரைக் காணல் என்று சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யத் தொடங்கினால், ஊக்கம் பின்னே வந்து சேர்கிறது.

உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் இவ்வாறு வாடியிருந்தால் 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். கால் முறிந்தவனிடம் நடந்து பார் என்பதைப் போன்றது அது. அவன் பேசும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். சாவைப் பற்றி எண்ணுகிறாயா என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறக்கும் என்பது தவறான நம்பிக்கை. கேட்பவர் ஒருவர் இருப்பதே அவனுக்குப் பெரிய ஆறுதல். ஆம் என்று அவன் சொன்னால், எவரிடமும் சொல்லாதே என்று வேண்டினாலும், அந்த மறைபொருளைக் காக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், அன்றே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். நட்புக்கு அது பிழையாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளவேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. ஆகவே, காவல்நிலையத்தை எண்ணி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மனநல மருத்துவரைக் காண்பதற்குப் பெருநகரத்துக்குச் செல்லவேண்டும் என்பதும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இந்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்பது அதன் எண். இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை உங்கள் ஏட்டின் முதற்பக்கத்தில் இப்பொழுதே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாவிடினும் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவனுக்கு வேண்டியிருக்கலாம்.